சிங்கத்தின் பக்கத்தில் தாய்மாமன்

1. இரண்டு சூரியன்

கள்ளக்குறிச்சியில் ஒரு பேனர் கடையில் டிசைனராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டுப் பையோடு ஒரு புத்தகத்தையும் எடுத்துப் போயிருந்தேன். இரண்டு சூரியன்கள் உள்ள ஒரு கிரகத்தில் நடக்கும் கதை. மதியம் வேலை இல்லாவிட்டால் படிக்கலாம் என்று மேசைமேல் வைத்தேன். மொதலாளி அதைக் கையில் எடுத்தார். பின்னட்டையில் இருந்ததை, கடையில் காத்திருந்த வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"ரெண்டு சூரியனாம்பா! ஒரு சூரியனுக்கே இங்க மண்ட காயுது. ஏம்மா சாந்தி, இதப் படிச்சா சோறு வெந்துடுமா?"

கடையே சிரித்தது. மொதலாளியின் பெயர் தனசேகர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிரிப்பதற்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார், அவ்வளவுதான். அன்று முதல் எனக்கு 'ரெண்டு சூரியன்' என்று பெயர் வைத்தார். நான் பேரன் எடுத்த பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சிரித்து முடித்ததும் எனக்கு முதல் வேலை கொடுத்தார். ஒரு காதணி விழா போஸ்டர். குழந்தையின் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினார்.

"கொழந்த பிறை நிலா மேல உக்காந்துகினு இருக்கணும். எங்க தம்பி ஏரோப்ளேன்லேர்ந்து பூத் தூவணும். நட்சத்திரத்துல எங்க அப்பா அம்மா மொகம் தெரியணும்."

"நிலாவில காத்து கெடையாதுங்களே. ஏரோப்ளேன் எப்படிப் பறக்கும்?" என்று கேட்டேன். முதல் நாள், தெரியாமல் கேட்டுவிட்டேன்.

அவர் மொதலாளியைப் பார்த்தார். மொதலாளி என்னைப் பார்த்தார். "உன் கதயெல்லாம் வூட்டோட வச்சிக்க. கஸ்டமர் சொன்னதப் போடு."

இதை எழுதச் சொன்னது எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து மந்திரவாதிக் கதை பிடிக்கும். மலையைத் தூக்கும் ராட்சதன், கிளிக்குள் ஒளித்து வைத்த உயிர், பிறகு கொஞ்சம் வளர்ந்ததும் ராக்கெட், வேற்றுக்கிரகம், காலத்தைத் திருப்பும் இயந்திரம். படிப்பதோடு நிற்கவில்லை, எழுதவும் எழுதினேன். சில கதைகள் சிறு பத்திரிகைகளில் வந்தன. அவற்றைப் படித்தவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

எங்கள் தொழிலில் 'பாடி' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அது இல்லாமல் தியாகதுருகத்திலிருந்து சின்னசேலம் வரைக்கும் எந்த டிசைனராலும் பிழைக்க முடியாது. அதைத் திறந்தால் வரிசையாகத் தலையில்லாத ஆட்கள் நிற்பார்கள். கோட்டு சூட்டு போட்ட பாடி, பட்டு வேட்டி பாடி, கைகட்டி நிற்கும் பாடி, கும்பிடும் பாடி. ரேஷன் கார்டு போட்டோவைக் கொண்டுவரும் ஆளின் தலையைக் கட்டிங் செய்து, பிடித்த பாடியின் கழுத்தில் ஒட்டி, ஓரத்தை லேசாக மழுக்கினால் முடிந்தது வேலை. ஒருமுறை, தலைகளை மாற்றி ஒட்டும் ஒரு வைத்தியனைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்த கதையை ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன். "நடக்கற கதயா சொல்லும்மா" என்றார். சொல்லிவிட்டு, தன் தலையை எவனோ ஒருவனுடைய கோட்டுக்கு மேல் ஒட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, தொப்பை இல்லாத பாடியாகப் பார்த்து மாற்றச் சொன்னார்.

2. தண்ணீர் பத்தாத அருவி

கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் லாட்ஜ் நடத்தும் சின்னதுரை என்பவர் ஒரு கோடைக்காலத்தில் வந்தார். அடிவாரத்தில் வைக்க போர்டு வேண்டும். அருவிப் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சித்திரை மாதத்தில் எடுத்தது. பாறைமேல் பாலைச் சிந்தியதுபோல் ஒரு கோடு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி கம்மியா கீது. ஜாஸ்தி பண்ணும்மா."

ஜாஸ்தி பண்ணினேன். பத்தாது என்றார். இன்னும் ஊற்றினேன். அதுவும் பத்தாது என்றார். கடைசியில் நெட்டில் கிடந்த ஒரு வெளிநாட்டு அருவியைக் காட்டினேன். ஒரு ஊரையே அடித்துக்கொண்டு போகிற அருவி அது. "ஆங், இதான்! இதான் நம்ம அருவி" என்றார்.

"அண்ணே, மேல பாருங்க. மலை உச்சியில பனி கீது."

"இருந்துட்டுப் போவட்டும். குளுகுளுன்னு தெரியும்ல."

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே என் மேசைமேல் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். கடலுக்கடியில் வாழும் மனிதர்களைப் பற்றியது. மூக்கைச் சுளித்தார். "இல்லாத ஒலகத்தப் பத்திப் படிச்சி இன்னா பண்ணப் போற? பொய்யி. காலத்த வீணாக்கற வேல." இதைச் சொன்ன வாயோடு, "அருவிக்குப் பக்கத்துல ரெண்டு மயிலு, ஒரு வானவில்லு" என்றார்.

போர்டைப் பார்த்து மலையேறியவர்கள், அருவி எங்கே என்று அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். மறு வாரம் வந்து என்னிடம் கத்தினார். "நீ போட்ட படத்தாலதான் எனுக்கு அசிங்கமாப் பூட்ச்சி!"

நான் அந்தக் கடலடி மனிதர்களின் புத்தகத்தை எடுத்து, அட்டையில் 'நாவல்' என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். "அண்ணே, பொய் எழுதறவன் இதுல அட்டையிலயே ஒத்துக்கிறான். உங்க போர்டுல அப்படி எங்கயாச்சும் போட்டுகிறீங்களா?" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மயிலை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அருவியை அப்படியே விட்டுவிட்டார்.

3. கீழே கொஞ்சம் புல்

வாடிக்கையாளரை மட்டும் சொன்னால் நியாயமில்லை. படித்தவர்களும் தங்கள் பங்குக்கு என்னைக் குட்டாமல் விடவில்லை. ஊரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டம் நடக்கும். ஒரு பள்ளி வகுப்பறையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஒருமுறை என் கதையைப் படிக்கக் கூப்பிட்டார்கள். கோமுகி அணைக்குக் கீழே ஒரு கரும்புத் தோட்டத்துக் கிணறு. அதில் இறங்கினால் அடியில் தண்ணீருக்குப் பதில் இன்னொரு வானம் இருக்கும். மோட்டார் மாட்ட இறங்கியவர் அங்கேயே தங்கிவிடுவார். மேலே அவர் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதுதான் கதை.

தலைமை தாங்கிய பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தால் திட்டப் போகிறார் என்று அர்த்தம்.

"நடை இருக்கு. ஆனா இதெல்லாம் தப்பிச்சு ஓடற எழுத்தும்மா. மண்ணு எங்க? மக்கள் எங்க? வாழ்க்கையில இருக்கறத எழுதுங்க. கிணத்துக்குள்ள வானம்னா, அது கொழந்தைங்களுக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மக்களில் சேர்த்தி இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனத்துக்குள் கேட்டுக்கொண்டே போனேன்.

அடுத்த வருடமே அவருக்கு அறுபதாம் கல்யாணம். பேனர் எங்கள் கடையில்தான். மருமகனை அனுப்பினார். டிசைன் சரியில்லை என்று பிறகு அவரே வந்தார். வெள்ளைக் குதிரை பூட்டிய தேர், தேரில் அவரும் அவர் மனைவியும், சுற்றிலும் மேகம். தலைமுடியைக் கறுப்பாக்கச் சொன்னார். கழுத்துச் சுருக்கத்தை எடுக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தலைக்குப் பின்னால லேசா ஒரு ஒளி மாதிரி வர வைக்க முடியுமா? ரொம்ப வேணாம், லேசா" என்றார்.

ஒளி வைத்தேன். வைத்துவிட்டு, "மண்ணு எங்க வைக்கணும்ங்க ஐயா?" என்று கேட்டேன்.

திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "கீழ கொஞ்சம் புல்லு போட்டாப் போதும்மா" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிந்தது. இந்த ஊரில் மாயக்கதையை வெறுப்பவர்கள் யாருமே இல்லை. எல்லோருக்கும் மாயம் வேண்டும், ஆனால் அதில் அவரவர் தலை மட்டும் இருக்க வேண்டும். அடுத்தவர் தலை இருந்தால் அது பொய், சின்னப்பிள்ளைத்தனம், தப்பித்து ஓடுவது.

4. ரெட்டையில் ஒருத்தி

ஏழுமலை கச்சிராயபாளையத்துக்காரர். தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. சீர் வைப்பதும் பேனர் வைப்பதும் தாய்மாமன் பொறுப்பு. பன்னிரண்டுக்குப் பத்து அடி சைஸ் சொன்னார். பெண் அமுதா நடுவில் சிம்மாசனத்தில், கீழே சொந்தக்காரர்கள் வட்ட வட்டமாக. வலது பக்கம் அவர், அவருக்குப் பக்கத்தில் சிங்கம்.

"சிங்கத்துத் தலையில நான் கை வச்சிக்கினு இருக்கணும். அது எனுக்கு அடங்கினாப்ல இருக்கணும், ஆனா மத்தவனப் பாத்து மொறைக்கணும்."

தாய்மாமன் சிங்கத்தோடு நிற்காத மஞ்சள் நீராட்டு பேனர் இந்த மாவட்டத்தில் கிடையாது. சிங்கம் தயாராகவே இருந்தது. அதன் தலையில் இதற்குள் எத்தனை மாமன்கள் கை வைத்திருப்பார்கள் என்று சிங்கத்துக்கே தெரியாது.

பெயர்களைச் சரிபார்க்க வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் பந்தியில் சண்டை வரும். அப்படி வந்தது அமுதாவின் அம்மா கஸ்தூரி. ஏழுமலையின் தங்கை. கரும்பு வெட்டு, நடவு என்று கூலிக்குப் போகிறவள். கணவன் பெங்களூரில் கட்டட வேலை. திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தாள். எல்லாம் சரி என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? எங்கண்ணன் சிங்கத்த டிவியிலதான் பாத்துகிறாரு. அத அவுரு பக்கத்துல நிக்க வச்சிட்டீங்க. எங் கொமுதாவ அமுதா பக்கத்துல நிக்க வைக்க முடியுமா?"

"கொமுதா யாரு?"

"அமுதாகூடப் பொறந்தவ. ரெட்ட. நாலு வயசுல காய்ச்சல்ல பூட்டா. இருந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணா சேத்துத்தான் செஞ்சிருப்போம்."

செத்தவர்களை பேனரில் வைப்பது எங்களுக்குப் புதிதில்லை. தாத்தா பாட்டி இறந்துபோயிருந்தால் மேல் மூலையில் மேகத்துக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கு வைத்து, 'ஆசியுடன்' என்று போடுவோம். பெரியவர்களுக்குத்தான் அது. இறந்த குழந்தையை சுபகாரிய பேனரில் யாரும் வைக்க மாட்டார்கள். உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த காலத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கஸ்தூரி கேட்டதோ மூலையில் ஒரு நாலு வயதுக் குழந்தையை இல்லை. வளர்ந்து நிற்கும் குமுதாவை. காய்ச்சல் வராத ஒரு உலகத்தில் அவள் எப்படி இருப்பாளோ, அவளை. சிங்கம் கேட்டார்கள், தேர் கேட்டார்கள், ஒளிவட்டம் கேட்டார்கள். என்னிடம் முதன்முதலாகக் கதை கேட்டவள் இவள்தான்.

மொதலாளி கல்லாவிலிருந்தே கழுத்தை நீட்டினார். "ரெட்டதான? இதுக்கு எதுக்கு யோசன? அமுதா படத்தையே ஃப்ளிப் பண்ணு, பாவாட கலர மாத்து. அஞ்சு நிமிஷ வேல."

எங்கள் தொழிலின் மொத்த ஞானமும் அதுதான். இடத்தை நிரப்ப வேண்டுமானால் இருப்பதைத் திருப்பிப் போடு. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்படியே செய்தேன். கஸ்தூரி பார்த்தாள்.

"இது அமுதாவேதான். பக்கத்துல கண்ணாடி வச்சாப்ல கீது."

"ரெட்டன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் மொதலாளி.

"இவுங்க ரெண்டும் அப்டி இல்லிங்க. சாடையே வேற. மத்தவங்களுக்குத்தான் ஒண்ணாத் தெரியும்."

அவளிடம் ஒரே ஒரு போட்டோ இருந்தது. திருவிழாவில் எடுத்தது. பிளாஸ்டிக் குதிரைமேல் இரண்டு குழந்தைகள். ஒன்று பல்லைக் காட்டுகிறது. இன்னொன்று கேமராவைக் கடித்துவிடுவதுபோல் முறைக்கிறது. அந்த முறைக்கிறவள்தான் குமுதா. மொதலாளி உடனே தன் போனை எடுத்தார். குழந்தை போட்டோவைக் கொடுத்தால் வளர்ந்த முகத்தைத் தரும் ஆப் ஒன்று அவரிடம் இருந்தது. அது ஒரு பெண்ணைத் தந்தது. கோதுமை நிறம், பளபளக்கும் கன்னம், விளம்பரச் சிரிப்பு.

கஸ்தூரி பார்த்துவிட்டு, "அழகாத்தான் கீது. யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

நான் மொதலாளியின் போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். இயந்திரத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. இயந்திரங்களைப் பற்றிக் கதை எழுதியே வயதானவள் நான். கேள்வி கேட்காமல் பதில் சொல்லும் இயந்திரத்தையும், அதைப் பார்த்து வாய் பிளக்கும் மனிதர்களையும்தான் பொறுக்கமுடிவதில்லை. இல்லாத ஒருவரை உண்டாக்குவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று தெரிய வேண்டும். என் கதைகள் நல்ல கதைகளோ இல்லையோ, அதை மட்டும் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன். "கொமுதா இருந்தா இப்ப இன்னா பண்ணுவா?"

"இன்னா பண்ணுவான்னா? அமுதா மாரி இஸ்கூலுக்குப் போவா."

"நல்லாப் படிப்பாளா?"

கஸ்தூரி யோசித்தாள். "அமுதா படிப்பா. இவளுக்கு எங்க? இருந்தா டேம் கரையிலதான் சுத்திக்கினு இருப்பா. தண்ணின்னா உயிரு."

"தல சீவுவாளா?"

"பின்னி வுட்டா, தெருமுன தாண்டறதுக்குள்ள அவுத்துடுவா. பவுடரு கிட்ட கொண்டாந்தா கையத் தட்டி வுட்டுடுவா. அவங்கப்பா செல்லம். அவுரு நெறந்தான், அவுரு மூக்குதான். நான் திட்டினா வாயத் தொறக்க மாட்டா. நின்னு மொறைப்பா. அமுதா அழுவா, இவ அழ மாட்டா. அமுதாவுக்கு ஒண்ணு வாங்கியாந்தா, எனுக்கு எங்கன்னு கண்ணாலயே கேப்பா. சொன்ன பேச்சு எங்க கேக்கறா?"

நடுவில் எப்போதோ 'இருந்தா' என்ற சொல் நின்றுபோயிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் கதை கலைந்துவிடும்.

கணவனுக்குப் போன் போட்டு, முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாள். எதுக்கு என்று கேட்டதற்கு, சும்மா என்றாள். அவருடைய மூக்கையும் நெற்றியையும் எடுத்தேன். நிறத்தையும் அவரிடமிருந்தே எடுத்தேன். குழந்தையின் கண்ணை அப்படியே வைத்தால் பெரிய முகத்தில் பொருந்தவில்லை. முறைக்கும் பெரிய கண் வேண்டும்.

"நீங்க கொஞ்சம் மொறைங்க, எடுத்துக்கறேன்" என்று கேமராவைத் தூக்கினேன். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எவ்வளவு முயன்றும் முறைக்க முடியவில்லை. அப்போது மொதலாளி வந்து, "இல்லாத பொண்ணுக்கு இவ்ளோ நேரமா? இருக்கறவன் வேலையெல்லாம் நின்னுக்கினு கீது" என்றார். கஸ்தூரி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். நான் பட்டனை அமுக்கிவிட்டேன். மொதலாளி தன் வாழ்நாளில் டிசைனுக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

உடை என்ன போட என்று கேட்டேன். பாடி ஃபோல்டரில் பட்டுப்பாவாடை, தாவணி எல்லாம் வரிசையாக இருந்தன.

"வூட்ல போடற பாவாட சட்டயே போதும்க்கா" என்றாள்.

முடிந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினேன். சிம்மாசனத்துக்கு இடது பக்கம், அவிழ்ந்த பின்னலோடு, கறுப்பாக, ஒல்லியாக ஒரு பெண் நின்றாள். அமுதா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் யாரையோ பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி திரையைத் தொட்டாள். தொட்டால் அழிந்துவிடும் என்பதுபோல் உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"வளந்துட்டா" என்றாள்.

மொதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காசு குடுக்கறது ஏழுமலை. நல்ல காரியத்துல செத்த கொழந்தய வச்சா அவுரு ஒத்துப்பாரா? கொமுதா இல்லாத ஃபைலயே பிரிண்டுக்குப் போடு."

இந்த ஒரு தடவை அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அண்ணன் கோபித்துக்கொண்டு சீர் வைக்காமல் போனால், கணவனும் ஊரில் இல்லாத கஸ்தூரி சபையில் தலைநிமிர முடியாது. அமுதாவின் விழாவே கெட்டுப்போகும். அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

"தெரியும்க்கா. வாயால சொன்னா வேணான்னுதான் சொல்லுவாரு. கண்ணால பாக்கட்டும். போட்டுடுங்க" என்றாள். நான் குமுதா இருக்கும் ஃபைலைத்தான் மிஷினுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் ஏழுமலை வந்தார். சீர் சாமான் வாங்கிவிட்டு நேராக வந்திருந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. கஸ்தூரியும் கூடவே இருந்தாள். பட்டு எப்படி என்று எனக்கும் எடுத்துக் காட்டினார். அமுதாவுக்கு அரக்குப் புடவை. நல்ல புடவைதான். பேனரைக் கடைத் தரையில் விரித்தோம். முதலில் சிங்கத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு தன்னைப் பார்த்தார். பிறகு அமுதாவை. அப்புறம் விரல் நின்றது.

"இது யாரு?"

மொதலாளி முந்திக்கொண்டார். "சிஸ்டம்ல எதோ மிஸ்டேக் ஆயிருக்குங்க. வேற ஆர்டர் படம் வந்து வுழுந்துடுச்சி. இப்பவே வேற அடிச்சிக் குடுக்கறோம்." இருபது வருடம் என் கதைகளைக் கிண்டலடித்த வாய் அது.

"மிஸ்டேக்கு இல்லண்ணா. கொமுதா" என்றாள் கஸ்தூரி.

"எந்தக் கொமுதா?" என்றவர், கேட்டு முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். "அறிவு கீதா உனுக்கு? நாளைக்கி மேளம் அடிக்கப் போறாங்க, செத்தத எடுத்தாந்து நடுவுல நிக்க வச்சிகிற! இன்னொரு பொண்ணு நல்லா இருக்க வேணாமா? கிழிங்கய்யா இத!"

கிழிக்க யாரும் வரவில்லை. அவரே குனிந்து ஓரத்தைப் பிடித்தார். பிடித்தவர் குந்தி உட்கார்ந்தார். அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தால் யாராக இருந்தாலும் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. தங்கையின் கண், மச்சானின் மூக்கு. அந்தப் பெண் பேனரின் குறுக்கே அமுதாவைத் தாண்டி, சிங்கத்தையும் தாண்டி, நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"எதுக்கு இவ என்ன இந்த மொறை மொறைக்கிறா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

கஸ்தூரி ஜவுளிப் பையைப் பார்த்தாள்.

"நீ ஒரு பொடவதான எடுத்தாந்த?"

ஏழுமலை முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார். "அந்த ஜவுளிக்கட மத்தியானம் சாத்துவாங்களா?"

"சாத்த மாட்டாங்க" என்றேன். "இவளுக்கு அரக்கு வேணாம். கறுப்புப் பொண்ணு, மஞ்சள் நல்லா எடுக்கும்."

மஞ்சளே வாங்கிவந்தார். பேனரை யாரும் கிழிக்கவில்லை.

பிள்ளைகளா, தலையை வெட்டி எந்தக் கழுத்தில் வேண்டுமானாலும் ஒட்ட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆப் இருந்தால் அந்த ஒரு வாரமும் வேண்டாம். ஆனால் ஒருத்தியை நிற்க வைக்க வேண்டுமென்றால், அவளுக்கு எதற்குக் கோபம் என்று கேட்டுவிட்டு மவுஸைத் தொடுங்கள்.